உரிய வழியூடாக ஒரு கணவர்

அரச உத்தியோகத்தர் ஒருவர் நாட்டுக்கு வெளியே செல்வதாயின், விடுமுறை விண்ணப்பத்தை உரிய வழியூடாகச் சமர்ப்பித்து, அது அங்கீகரிக்கப்பட்டதாக எழுத்தில் அறிவிக்கப்பட்ட பின்னரே புறப்பட வேண்டும். அவ்வாறன்றிப் புறப்படுபவர் தமது பதவியை வறிதாக்கியவராகக் கருதப்படுவார். விதியின் சாரம் இதுதான். விண்ணப்பித்தவர் என்ன செய்ய வேண்டும் என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லும் விதி, விண்ணப்பத்தைக் கையில் வாங்கியவர் என்ன செய்ய வேண்டும் என்பது பற்றிக் கண்ணியமான மௌனம் காக்கிறது. கல்வி நிர்வாகத்தில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவள் நான். அந்த மௌனத்தின் மடியில் எத்தனை கோப்புக் கோவைகள் நிம்மதியாகத் தூங்குகின்றன என்பது எனக்குத் தெரியும்.

விதியை மீறியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பயந்தவர்களையும், அதை வைத்துப் பிழைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதை நம்பிய மனிதர் ஒருவரைத்தான் பார்த்தேன். அவர் மலையகத்து ஹட்டனில் என் வீட்டின் கீழ்ப்பக்கத்து அனெக்ஸில் மனைவியோடு வாடகைக்கு இருந்தார். நோர்வூட் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கணித ஆசிரியர். பெயர் கோவையில் இருக்கிறது; அங்கேயே இருக்கட்டும். நான் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டேன்.

வந்த முதல் வாரமே என் கதவைத் தட்டினார்.

"மிஸ், செவுத்துல ஒரு ஆணி அடிக்கலாங்களா?"

"ஒண்ணு என்ன, ஒம்பது அடிங்க மாஸ்டர். நீங்க வாடகைக்கு எடுத்த செவுருதானே."

"ஒண்ணு போதுங்க மிஸ். கலண்டருக்கு."

மறுநாள் மீண்டும் வந்தார். "ஆணி அடிச்சாச்சுங்க மிஸ்" என்று அறிவித்தார். வேலை முடிவு அறிக்கை தரும் வாடகைக்காரரை நான் அதற்கு முன் கண்டதில்லை. உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது: "ஏங்க, அப்படியே தேதி கிழிக்கவும் கேட்டுட்டு வந்துருங்க. நாளைக்கு ஒரு தரம் ஏற வேணாம்."

அவர் உண்மையிலேயே என் முகத்தைப் பார்த்தார். நான் கிழிக்கலாம் என்றேன்.

இது பயந்த சுபாவம் என்று முதலில் நினைத்தேன். தவறு. பயந்தவன் கேட்கவே மாட்டான், ஒளித்துச் செய்வான். இவர் நிமிர்ந்து நின்று, கண்ணைப் பார்த்து, தெளிவாகக் கேட்பார். ஒருமுறை ஹட்டன் நிலையத்தில் நோர்வூட் பஸ்ஸில் இருவரும் ஏறினோம். முன் ஆசனம் மதகுருமாருக்கு ஒதுக்கப்பட்டது. பஸ்ஸில் எந்த மதத்தின் குருவும் இல்லை. அந்த ஆசனத்தில் ஏற்கெனவே ஒருவர் வாழைப்பழச் சீப்போடு உட்கார்ந்திருந்தார். பக்கத்து இடம் காலி. இவர் நின்றுகொண்டே நடத்துனரிடம் உட்காரலாமா என்று சிங்களத்தில் கேட்டார். "வாடிவென்ன மாத்தயா" என்று நடத்துனர் சிரித்தபடி உட்காரச் சொன்னார். பிறகு வாழைப்பழக்காரரிடமும் கேட்டார். அந்த மனிதர், ஆசனம் தனக்கே சொந்தமானது போலப் பெருந்தன்மையோடு தலையாட்டினார். கேட்டால் கொடுப்பதற்கு ஆள் எங்கிருந்தாவது முளைத்துவிடுகிறார்.

அவருடைய பாடசாலை அதிபர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டதுண்டு. "ஒங்க வாடகைக்காரர் போர்டை அழிக்கிறதுக்கு முன்னாடி பிள்ளைங்ககிட்ட கேக்கிறாரு மிஸ். 'அழிக்கலாமா?'ன்னு. ஒருத்தன் வேணாம்னா நிக்கிறாரு. சிலபஸ் எப்படி முடியும்?" சிலபஸ் முடியவில்லைதான். ஆனால் அந்த வகுப்பில் யாரும் கணக்குப் பாடத்துக்கு மட்டம் போட்டதில்லை என்பதையும் அதே அதிபர்தான், அதே குறை சொல்லும் குரலில் சொன்னார். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து வரும் பிள்ளைகள். பிறந்ததிலிருந்து யாரும் அவர்களிடம் எதற்கும் சம்மதம் கேட்டிருக்கமாட்டார்கள்.

பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை ஒருநாள் அவரே சொன்னார். தோட்டத்து லயத்தில் பின்பக்கம் அவரைக்கொடி போடுவதற்கும், முன்பக்கம் கலியாணப் பந்தல் போடுவதற்கும் தோட்ட முகாமையாளரான தொரையிடம் கேட்க வேண்டும் என்பது அங்கே பிறந்த எல்லோருக்கும் தெரிந்ததே. இவருடைய தகப்பன் கேட்காமல் சமையலறைக்கு ஒரு தகரச் சாய்ப்பு இறக்கினார். மகள் வயதுக்கு வந்த சடங்கு; வருகிற சனத்துக்குச் சமைக்க இடம் வேண்டும் என்ற அவசரம். சடங்கு நாளன்று காலையில், அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும்போதே, தோட்டத்து ஆட்கள் வந்து தகரங்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். மழை பெய்தது. சோற்றுக்கு மேல் சாக்கைப் பிடித்தபடி நின்றார்களாம்.

"கோவம் வரலையா மாஸ்டர்?"

"யார் மேலங்க மிஸ்? சொல்லாம கட்டுனது அப்பாவோட தப்புதாங்களே."

இதைச் சொன்னபோது அவர் குரலில் கசப்பு ஒரு துளியும் இல்லை. அதுதான் எனக்கு அன்று மாலை முழுக்கச் சங்கடமாக இருந்தது.

அவர் மனைவி வேறு அச்சு. லிந்துலைப் பக்கத்துப் பிள்ளை. மண்ணியலில் முதல் வகுப்பு எடுத்தவள். கெம்பஸ் நூலகத்தில் ஒரே மேசைக்கு வந்து "இங்க உக்காரலாங்களா?" என்று ஒரு தவணை முழுக்கக் கேட்டவரைத்தான் கட்டிக்கொண்டாள். பொறுக்காமல் ஒருநாள், "நாளையிலருந்து கேக்காம உக்காருங்க" என்றாளாம். மறுநாள் வந்து நின்று கேட்டாராம்: "நேத்து ஒண்ணு சொன்னீங்க, அது இன்னிக்கும் செல்லுங்களா?"

"அப்பவே தெரிஞ்சிருச்சு மிஸ்" என்றாள் என்னிடம். "இந்த ஆள் என்னைக் கேக்காம எதையும் செய்ய மாட்டாரு. எங்க லயத்துல நான் பார்த்த ஆம்பளைங்க யாரும் பொண்டாட்டிகிட்ட எதையும் கேட்டதில்ல."

அவள் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. கனடாவில் ஒரு பேராசிரியருக்கு, தேயிலை மண்ணைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் ஒரு பிழை இருப்பதாக நேரடியாக மின்னஞ்சல் அனுப்பினாள். மாஸ்டர் பதறிப்போனார். "புரொபசருக்கு நேராவா எழுதுவாங்க? அதுக்குன்னு ஒரு வழி இருக்கும்ல?" "இருக்கும். அந்த வழில போனவங்க இன்னும் வந்து சேரல" என்றாள் அவள். பேராசிரியர் பிழையை ஒப்புக்கொண்டதோடு, கலாநிதிப் பட்டத்துக்கு அவளைப் புலமைப்பரிசிலோடு எடுத்துக்கொள்வதாகவும் பதில் எழுதினார். நான்கு வருடப் படிப்பு. யாழ்ப்பாணத்து ஆட்கள்கூட இன்னும் போய்ச் சேராத ஒரு பனி ஊர். மண்ணைப் படிக்கப் போகிற இடத்தில் வருடத்தில் பாதி நாள் மண்ணே கண்ணில் படாதாம்.

கணவனும் கூடப் போகலாம். விசா இருவருக்கும் கிடைத்தது. ஆனால் மாஸ்டர் அரச உத்தியோகத்தர். அவர் பிறந்த லயத்திலேயே பென்சன் உள்ள வேலை பார்த்த முதல் ஆள். அவருடைய தாய், மகனைப் பற்றிச் சொல்லும்போது பெயர் சொல்வதை விட்டுவிட்டு "நம்ம கவுர்மெண்டு" என்று சொல்லத் தொடங்கிப் பல வருடமாகிறது. அந்த வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போக முடியாது. ஆகவே செப்டெம்பரிலிருந்து இரண்டு வருடச் சம்பளமற்ற விடுமுறைக்கு உரிய வழியூடாக விண்ணப்பித்தார். பிறகு நீட்டித்துக் கேட்கலாம் என்பது திட்டம். விண்ணப்பத்தை நானே சரிபார்த்தேன். அதைவிடச் சுத்தமான விண்ணப்பத்தை என் சேவைக்காலத்தில் கண்டதில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பிழையுள்ள விண்ணப்பம் திரும்பி வரும். அதனால் அது எங்கே இருக்கிறது என்றாவது தெரியும். பிழையற்றது மேலே போய்க்கொண்டே இருக்கும்.

வகுப்புகள் தொடங்கும் நாள் நெருங்கியது. பதில் வரவில்லை. அவள் தனியாகப் போனாள். "பதில் வந்ததும் வந்துர்றேன்" என்று இவர் விமான நிலையத்தில் சொன்னாராம். அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்டேன். "பெட்டியைத் தள்ளிக்கிட்டுப் போயிருச்சு" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு கிழமையும் கல்வி அலுவலகத்துக்கு விசாரிக்கப் போனார். ஒருமுறை நானும் கூடப் போனேன். பொறுப்பான உத்தியோகத்தர், வெற்றிலை மென்றுகொண்டிருந்த இளைஞர், விரலால் கூரையைக் காட்டினார். கோவை மேலிடத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். "லபன சத்தியே" என்றார். அடுத்த வாரம். மாஸ்டர் நன்றி சொல்லிவிட்டு, "அப்ப அடுத்த கிழமை வரலாங்களா?" என்று கேட்டார். அந்த இளைஞர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். யாரும் அவரிடம் இதுவரை அப்படிக் கேட்டிருக்கவில்லை போலும். எல்லோரும் சும்மா வந்துவிடுவார்கள்.

மாலையில் அவள் காணொளியில் வருவாள். ஒரு வயதான அம்மாவின் வீட்டு நிலக்கீழ் அறை. ஜன்னல் கூரையோரம் இருந்தது. அதில் பனி ஏறிக்கொண்டே வந்தது. கட்டிலைக் காட்டினாள்.

"அத எங்க வாங்குன?"

"வாங்கல. ரோட்டுல கெடந்துச்சு. தூக்கிட்டு வந்தேன்."

"யாருகிட்ட கேட்ட?"

"ரோட்டுல கெடந்ததுக்கு யாருகிட்டங்க கேக்கிறது?"

"ரோட்டுக்கும் ஒரு ஆள் இருப்பாங்கல்ல."

"நீங்க வந்து அந்த ஆளைக் கண்டுபிடிச்சுக் கேளுங்க. ஒரு தலைப்பக்கத்தை நான் ஒத்தையாளாத் தூக்கிட்டு வந்தேன். மத்தத் தலைப்பக்கம் தரையில இழுபட்டுக்கிட்டு வந்துச்சு." என்னைக் கண்டதும் சிரித்தாள். "மிஸ், ஒங்க விதியில பொண்டாட்டி கட்டில் தூக்கிறதுக்கு ஒண்ணும் இல்லையா?"

தைப்பொங்கல் கழிந்த வாரம் அவளுக்குக் கடுமையான காய்ச்சல். அப்போதுதான் மாஸ்டர் அந்தக் காரியத்தைச் செய்தார். எங்கள் பக்கத்தில் மனைவிக்கு உடம்பு முடியவில்லை என்றால், விடியற்காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்துக்குப் புருஷன் போய் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாவிடம் சொல்லுவான்: "இன்னைக்கு வீட்டுல வரலைங்க." சொல்லாவிட்டால் வசவு விழும். அக்கறையுள்ள புருஷன் செய்யும் வேலை அது. மாஸ்டரின் தகப்பன் செய்திருக்கிறார். என் தகப்பனாரும் செய்திருக்கிறார். மாஸ்டர் பேராசிரியருக்கு நல்ல ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்: என் மனைவிக்கு உடல்நலமில்லை, ஆகவே அவளுக்கு விடுமுறை அளிக்குமாறு கணவன் என்ற முறையில் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

காய்ச்சல் மாறி அவள் வளாகத்துக்குப் போன அன்று, நலன்புரிப் பிரிவில் ஓர் அம்மா அவளை அழைத்துக் கதவைச் சாத்தினார். தண்ணீர் கொடுத்தார். வீட்டில் பாதுகாப்பாக உணர்கிறாயா என்று கேட்டார். கணவர் வேறு எதற்கெல்லாம் உன் சார்பில் பேசுவார்? உன் பணம், உன் தொலைபேசி யார் கையில் இருக்கிறது? எந்த நேரமும் கூப்பிடலாம் என்று ஒரு எண்ணையும் கையில் வைத்தார்.

அன்று மாலை அவள் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்லத் தொடங்கினாள். "எங்க வீட்டுக்காரரை இங்க ஒரு ஃபைல்ல போட்டுட்டாங்க மிஸ். அங்க ஒரு ஃபைல், இங்க ஒரு ஃபைல்."

மாஸ்டர் குறுக்கிட்டார். "நான் லீவுதானே கேட்டேன்."

"எனக்கு ஒரு டம்ளர் சுடுதண்ணி வச்சுத்தர ஆளில்ல. நீங்க அங்க ஒக்காந்துக்கிட்டு எனக்கு லீவு கேக்கிறீங்க." சிரிப்பு போய்விட்டது. "அந்தம்மா கேட்டாங்க, ஒங்க புருஷன் ஒங்களைக் கட்டுப்படுத்துறாரான்னு. இல்லைங்க, அவரை யாரோ கட்டுப்படுத்துறாங்க, யாருன்னுதான் தெரியலன்னு சொன்னேன். ஒங்க விசாவுல கடைசித் தேதி பங்குனி முடியிறது. அதுக்குள்ள வந்து எறங்கலன்னா அது செத்த விசா. நான் மறுபடியும் கேக்க மாட்டேன்."

திரை இருண்டது. கேட்காதவள் கேட்டுவிட்டாள் என்பது எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்திருக்கும்.

மாசி போயிற்று. பங்குனியில் பாதி போயிற்று. கோவை மேலேயே இருந்தது. ஒருநாள் பாடசாலை விட்டு வந்தவர் நேராக என் வீட்டுக்கு ஏறி வந்தார். ஈரக் குடையை எங்கே வைக்கலாம் என்று கேட்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"மிஸ், நான் என்ன செய்யட்டும்?"

"போங்க மாஸ்டர்."

"நீங்களே அப்படிச் சொல்லலாங்களா? கேக்காம போனா பதவியை வறிதாக்கினதாத்தானே அர்த்தம்?"

"கேட்டாச்சு. இனி அவங்க பாடு."

"அம்மா லயம் முழுக்கச் சொல்லி வச்சிருக்கு. வேலை போச்சுன்னா அது தலை காட்டாது மிஸ்." குடையை மறு கைக்கு மாற்றினார். "நீங்க வேலையில இருந்த காலத்துல இந்த விண்ணப்பம் வந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"மறுநாளே கையெழுத்துப் போட்டிருப்பேன்."

"சத்தியமாங்களா?"

"சத்தியமா."

அந்தக் கையெழுத்துக்கு எனக்கு ஒருநாளும் அதிகாரம் இருந்ததில்லை. நானும் கூரையை விரலால் காட்டியிருப்பேன், கொஞ்சம் நாகரிகமாக. இது அவருக்கு நன்றாகத் தெரியும். விதிகளை என்னிடமே படித்தவர். ஆனாலும், "அப்ப அது போதுங்க மிஸ்" என்றார். ஓய்வுபெற்ற ஒரு பெண்பிள்ளை, இல்லாத அதிகாரத்தில், எழுத்தில் இல்லாமல் வழங்கிய அங்கீகாரத்தை வைத்துக்கொண்டு, விசாவின் கடைசி வாரத்தில் அவர் நாட்டைவிட்டுப் புறப்பட்டார். போகிற அன்று "போயிட்டு வரட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு நின்றார். உலகத்துத் தமிழர் எல்லோரும் இப்படிக் கேட்கிறார்கள். பதிலுக்குக் காத்து நிற்கிற ஆளை நான் அன்றுதான் கண்டேன். வான்காரர் ஹோர்ன் அடித்தார். நான் "போயிட்டு வாங்க" என்ற பிறகுதான் ஏறினார்.

அங்கே அவர் திண்டாடப் போகிறார் என்று நினைத்தேன். நடந்தது வேறு. மூன்று வாரத்தில் அவள் ஒரு குரல் செய்தி அனுப்பினாள்.

"மிஸ், இது இவருக்குன்னே செஞ்ச நாடு மிஸ்! ரோட்டுல ஒரு வாகனம் இல்ல. சிவப்பு லைட்டு எரியுதுன்னு பத்து வெள்ளைக்காரங்க குளிர்ல நிக்கிறாங்க, நடுவுல இவரும் நிக்கிறாரு. நான் மட்டும் கடந்து போயிட்டேன்; எல்லாரும் என்னைப் பார்க்கிறாங்க, இவரும் சேர்ந்து பார்க்கிறாரு. இங்க பக்கத்து வீட்டுக்குப் போகவும் போன் பண்ணிக் கேக்கணுமாம். எனக்குத்தான் இந்த ஊர் ஒத்து வருதில்ல."

வீட்டுக்கார அம்மாவிடம் ஆணி அடிக்க அனுமதி கேட்டதில், அந்த அம்மா கண்கலங்கிவிட்டார். பிள்ளைகள் கேட்காமலேயே அவருடைய தளபாடங்களில் பாதியைக் கொண்டுபோய்விட்டார்களாம். இப்போது இவர்கள் இருப்பது நிலத்துக்கு மேலே, வெயில் விழும் அறையில். பேராசிரியரை நேரில் கண்டு மன்னிப்புக் கேட்கலாமா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு, நேரம் வாங்கிப் போனார். நலன்புரிப் பிரிவின் கோவை எப்படி மூடப்பட்டது என்று தெரியாது. ஆனால் பேராசிரியர் இப்போது தன் விடுமுறை நாட்களை இவரிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறார் என்று அவள் கேலி செய்கிறாள்.

வேலையும் கிடைத்தது. பாடசாலை ஒன்றின் முன்னால், கையில் நிறுத்தல் பலகையோடு நின்று பிள்ளைகளைத் தெருக் கடக்க வைக்கும் வேலை. படம் அனுப்பியிருந்தார். ஒளிரும் மேற்சட்டை, காது மூடிய தொப்பி. உயர்த்திய பலகைக்கு அந்தப் பக்கம் பெரிய பெரிய வாகனங்கள் வரிசையில் நின்றன. கணித ஆசிரியர் ஒருவருக்கு இது இறக்கம்தான். படத்தில் முகம் அப்படிச் சொல்லவில்லை.

இங்கே அவருடைய பதவி அந்தரத்தில் தொங்கியது. பதவியை வறிதாக்கியதாக அறிவித்தல் வரும் என்று நான் தினமும் தபாற்காரரை எதிர்பார்த்தேன். அதுவும் வரவில்லை. விடுமுறை கேட்டவருக்குப் பதில் போட நேரமில்லாதவர்களுக்கு, அவர் போய்விட்டார் என்று கவனிக்க எங்கே நேரம்? வரவுப் பதிவேட்டில் அவர் பெயர் அப்படியே இருப்பதாக அதிபர் சொன்னார். தாய் லயத்தில், மகன் லீவில் போயிருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மாதமும் அவர் என்னை அழைப்பார். குசலம் விசாரித்துவிட்டுக் கடைசியில், "பதில் ஏதும் வந்துச்சுங்களா மிஸ்?" வரவில்லை என்பேன். "சரிங்க மிஸ்" என்பார். இரண்டாவது வருடத்தின் நடுவில் எப்போதோ அவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் தொலைபேசியை வைத்தார். மறதி என்று நினைத்தேன். அடுத்த மாதமும் கேட்கவில்லை.

பிறகு, ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, நிகினி போயா எனும் பௌர்ணமி விடுமுறைக்கு முதல் நாள், பதிவுத் தபாலில் நீளமான பழுப்பு உறை வந்தது. என் முகவரி, அவர் பெயர். பிரிக்கச் சொல்லியிருந்ததால் பிரித்தேன். அவர் கேட்ட இரண்டு வருடச் சம்பளமற்ற விடுமுறை, கேட்ட திகதியிலிருந்தே, முழுமையாக அங்கீகரிக்கப்பட்டிருந்தது. ஒரு வரி குறைக்கவில்லை. பதவி பத்திரமாக இருந்தது. விடுமுறை அந்த வாரத்தோடு முடிகிறது என்றும், திங்கட்கிழமை மூன்றாம் தவணைக்குப் பாடசாலை தொடங்கும்போது கடமைக்குச் சமுகமளிக்க வேண்டும் என்றும், தவறினால் பதவியை வறிதாக்கியவராகக் கருதப்படுவார் என்றும் கடைசிப் பந்தி சொன்னது.

அன்று மாலையே அழைத்தேன். அங்கே காலை. முழுவதையும் வாசித்தேன். அந்தப் பக்கம் கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்டது.

"மாஸ்டர், திங்கட்கிழமைக்குள்ள வந்துட்டீங்கன்னா வேலை ஒங்களுது. அம்மாவுக்கும் ஒரு சொல் வராது. அந்தப் புள்ள மிச்ச ரெண்டு வருசத்தைத் தனியா முடிச்சுக்கிடும். நீட்டிச்சுக் கேக்கணும்னா இன்னைக்கே எழுதணும், நான் வேணும்னா..."

"திங்கக்கிழமை வரலைங்க மிஸ்."

"அப்ப நீட்டிப்புக்கு..."

"அதுவும் வேணாம். அம்மாகிட்ட நானே பேசிக்கிறேன். அடுத்த கிழமை இங்கயும் ஸ்கூல் தொறக்குது. இந்தப் புள்ளைக்கு சுடுதண்ணி வச்சுக்கிட்டு இருக்கேன், ராத்திரி முழுக்க எழுதிட்டு இப்பதான் படுத்துச்சு."

"வரலைன்னு சும்மா இருக்க முடியாது மாஸ்டர். முறைன்னு ஒண்ணு இருக்கு. காரணம் என்னன்னு எழுத்துல கேப்பாங்க."

"கேக்கட்டும் மிஸ்" என்றார்.